மாலையில் வெள்ளை, விடிந்தால் ரோஸ்

வெள்ளவத்தையிலிருந்து:
எங்கள் ஒழுங்கை மதிலில் ரங்கூன் மல்லி படர்ந்து கிடக்கிறது. போன கிழமை இரவு கரண்ட் போய்விட்டது. நல்ல நிலா. காற்று வாங்க வாசலில் நின்றேன். ஒழுங்கை முழுக்க அந்த வாசம். அன்று மாலை விரிந்த பூக்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. திடீரென்று காதருகே 'விர்ர்' என்றது. வௌவால் குஞ்சு என்று விலகினேன். பார்த்தால் கட்டைவிரல் தடிப்பில் ஓர் அந்துப்பூச்சி! பூவில் உட்காரவே இல்லை. அந்தரத்தில் நின்றபடி, சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டிப் பூவுக்குள் விட்டது. இரண்டு மூன்று வினாடிதான், அடுத்த பூவுக்குத் தாவிவிட்டது. நாம் காம்பு என்று நினைப்பது உண்மையில் விரல் நீளக் குழாய். தேன் அதன் அடியில் இருக்கிறது; அவ்வளவு நீள நாக்கு இருந்தால்தான் எட்டும்.

விடிய அம்மம்மாவிடம் சொன்னேன். "நேற்றைய பூவை இப்ப போய்ப் பார் பிள்ளை" என்றார். வெள்ளைகள் எல்லாம் ரோஸ் ஆகியிருந்தன. முந்தின நாள் பூக்கள் சிவந்து தலை தொங்கியிருந்தன. அவற்றில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும்! பூ வாடித்தான் நிறம் மாறுகிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இரவு விருந்தாளிக்கு வெள்ளையும் வாசமும், பகல் விருந்தாளிக்குச் சிவப்பு.

தெஹிவளையிலிருந்து:
அக்கா, எங்கள் வளவில் ஓர் ஆண் பப்பாசி நிற்கிறது. நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், காய்க்காது. வெட்டு வெட்டு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நீங்கள் சொன்னதும் பொழுதுபட்டபின் போய் நின்றேன். அதே மாதிரிப் பூச்சிதான். ஆண் பூக்களில் ஆறுதலாகக் குடித்தது. பக்கத்துப் பெண் மரத்துப் பூவைத் தொட்ட வேகத்தில் திரும்பிவிட்டது. பெண் பூவில் தேன் கிடையாது. ஆண் பூ என்று நம்பி வந்து ஏமாறுகிற அந்த நொடியில்தான் மகரந்தம் ஒட்டுகிறது, காய் பிடிக்கிறது. சரி, இனி அந்த மரத்தில் கத்தி வைக்க விடமாட்டேன்.

பொரளையிலிருந்து:
பகலையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து விகாரையில் நாகலிங்க மரம் இருக்கிறது. அந்தப் பூவிலும் தேன் இல்லை, ஆனால் மகரந்தம் இரண்டு வகை. பாம்புப் படம் போலக் கவிந்த பகுதியில் இருப்பது வண்டுக்குத் தீனி. நடு வளையத்தில் இருப்பதுதான் காய் பிடிக்க வைப்பது. இன்று காலை ஒரு கருவண்டு உள்ளே நுழைந்து உறுமிக்கொண்டே கிடந்தது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் தூள். அப்படியே அடுத்த பூவுக்குள் போய்விட்டது.