டெக்ஸ்சர்: கயிற்றிடம் இடறும் 'இழையமைப்பு'

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கிம்ப் என்னும் படம் திருத்தும் மென்பொருளில் கயிற்றின் தோற்றத்தை உருவாக்கும் பாடம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருளின் மேற்பரப்புத் தன்மையைக் குறிக்கும் டெக்ஸ்சர் என்பதற்கு நாம் தமிழில் ஆண்டுவரும் 'இழையமைப்பு' முதல் பத்தியிலேயே இடறியது. கல்லுக்கும் மரத்துக்கும் ஒத்துவந்த சொல், உண்மையிலேயே இழைகளால் ஆன பொருளிடம் வந்ததும் குழப்பம் தருகிறது.

கயிறு திரிக்கும் முறையைப் பாருங்கள். நாரை முறுக்கி இழையாக்குகிறார்கள். இழைகள் பலவற்றை எதிர்ப்புறம் முறுக்கிப் புரியாக்குகிறார்கள். புரிகள் மூன்றை மறுபடியும் திசை மாற்றி முறுக்கினால் கயிறு. முறுக்கு இவ்வாறு மாறி மாறி விழுவதால்தான் கயிறு எளிதில் பிரிவதில்லை. இதனால் புரிகள் சாய்வாகச் சுற்றிச் சென்றாலும், அவற்றின் மேல் தெரியும் இழைகள் ஏறத்தாழக் கயிற்றின் நீளவாக்கிலேயே கிடக்கும். ஆகவே சாம்பல் நிறப் பரப்பில் நாய்ஸ் எனப்படும் சிதறிய புள்ளிகளைச் சேர்த்து, ஒரே திசையில் மங்கலாக்கும் மோஷன் பிளர் வடிப்பியால் அதை நார்போல் இழுக்கும்போது, கோணத்தைப் புரியின் சாய்வுக்கு அன்றிக் கயிற்றின் நீளத்துக்கே வைக்க வேண்டும். நானே முதலில் சாய்வுக்கு வைத்து, வழவழப்பான நெகிழிக் குழாய் ஒன்றைத்தான் வரைந்தேன். 'இழையமைப்பின் கோணம்' என்று பாடத்தில் எழுதினால், படிப்பவர் எந்தக் கோணத்தை எடுத்துக்கொள்வார்?

எனவே 'இழை' இழையாகவே இருக்கட்டும். ஸ்ட்ராண்ட் என்பதற்குப் 'புரி' போதும். முப்புரி நூல் என்ற வழக்கில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. டெக்ஸ்சருக்குப் 'பரப்புநயம்' என்பதை முன்வைக்கிறேன். வேளாண் நூல்கள் 'மண் நயம்' என்று எழுதுவது இதே கருத்தில்தான். நயம் என்றதும் கவிதையும் விலையும் நினைவுக்கு வரும் என்பது உண்மையே. ஆயினும் தொட்டறியும் தன்மையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

முறுக்குத் திசைக்கு 'வலம்புரி', 'இடம்புரி' என்று சென்ற மடலில் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அழகான சொற்கள்தாம். ஆனால் நாம் வலம்புரி என்னும் சங்கை விலங்கியலார் இடச்சுழல் வகையில் சேர்க்கின்றனர். அந்த முரணைக் கயிற்றுக்கும் இழுத்துவர வேண்டியதில்லை. ஆங்கில Z, S எழுத்துகளின் நடுக்கோட்டுச் சாய்வைக் கொண்டு நூற்பாலைகளில் வழங்கும் 'இசட் முறுக்கு', 'எஸ் முறுக்கு' என்பவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. மூன்று புரிகளும் ஒரே தோற்றம் கொண்டிருந்தால், ஒரு புரியை மட்டும் வரைந்து அடுக்கிக்கொண்டே போகலாம். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பொருந்தினால் போதும். இணைப்பு தெரியாத இந்த ஸீம்லெஸ் தன்மைக்கு 'ஒட்டில்லா' என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். பசை ஒட்டாதது என்று படித்துவிடுவார்களோ என்பது என் ஐயம்.