புதுவீட்டுக் குடியிருப்புகளும் தரம் 1இல் இடமில்லாத பாடசாலைகளும்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

தொடங்கியவர்: தலவாக்கலைப் பக்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்

இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தனிவீட்டுத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட 64 வீடுகளுக்கு மக்கள் குடிவந்த மறு ஆண்டு, முதலாந்தவணை தொடங்கிய அன்று நடந்ததை எழுதுகிறேன். இதே நிலைமையைச் சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுத வேண்டும்.

முந்தைய ஆண்டில் எங்கள் வித்தியாலயத்தில் தரம் 1க்குச் சேர்ந்தவர்கள் 22 பேர். அன்று காலை 51 பேர் வந்திருந்தார்கள். அதிபர் ஒருவரையும் திருப்பி அனுப்பாமல் எல்லோருடைய பெயரையும் இடாப்பில் எழுதிக்கொண்டார். அடுத்த தமிழ்ப் பாடசாலை தேயிலை மலையைச் சுற்றிப் போகும் பாதையில் ஆறு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால், அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. எங்களுடையது இடைச்சுவர் இல்லாத ஒரே நீள மண்டபம். தரம் 1க்கும் தரம் 2க்கும் நடுவே இரண்டு கரும்பலகைகளை முதுகோடு முதுகாக நிறுத்தியிருப்பதுதான் மறைப்பு. மூன்று பேர் உட்காரும் வாங்கில் அன்று ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். என் இளைய மகள் வாங்கின் ஓரத்தில் விழாமல் இருப்பதற்காக ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மேசையில் இடமில்லாததால் கொப்பியை மடியில் வைத்துத் தன் முதல் 'அ'வை எழுதினாள். மறைப்புக்கு அப்பால் தரம் 2 பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபடியால், டீச்சர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இந்தப் பிள்ளைகள் திடீரென்று வந்தவர்கள் அல்லர். வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளைத் தெரிவு செய்தபோது, குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருடைய பெயரையும் வயதையும் படிவத்தில் நிரப்பி நாங்களே கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அடிக்கல் நாட்டியதிலிருந்து குடிபுகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அவ்வளவு காலமும் அந்தப் பட்டியல் தோட்டக் காரியாலயத்திலும் பிரதேச செயலகத்திலும் இருந்தது. பாடசாலைக்கு ஆளணியும் கட்டடமும் தீர்மானிக்கும் பணிமனைக்கு மட்டும் அது போகவேயில்லை. குடிநீர்க் குழாய், மின்கம்பம், பாதை ஆகியவற்றைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். பாடசாலையைப் பற்றி எவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பின்னர் நாங்கள் மனுக் கொடுத்தபோது, நாட்டில் பிறப்புகள் குறைந்து வருவதால் மாணவர் தொகையும் குறையும், அவசரப்பட வேண்டியதில்லை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பிறப்புகள் குறைந்து வருவது உண்மைதான். ஆனால் தோட்டத்தின் மூன்று டிவிசன்களில் (பிரிவுகளில்) சிதறியிருந்த இளம் குடும்பங்களை ஒரே மலைச்சரிவில் கொண்டுவந்து சேர்த்தால், அந்தச் சரிவின் அடியில் உள்ள பாடசாலைக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதோடு, குடும்பங்கள் விட்டுவந்த லயக் காம்பராக்கள், அதாவது தொழிலாளர்களுக்கான பழைய தொடர்வீட்டு அறைகள், இடிக்கப்படவில்லை. கூட்டுக் குடும்பமாக நெருக்கடியில் இருந்த மகன்மாரும் மருமக்களும் அவற்றில் குடியேறிவிட்டார்கள். வீடு 64 கூடியது. குடும்பம் எத்தனை கூடியது என்று எவரும் எண்ணவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற அதிபர், பூண்டுலோயா

ஐயா, நீங்கள் எழுதிய மண்டபத்தில்தான் நானும் என் சேவையின் பெரும்பகுதியைக் கழித்தேன் என்று சொல்லலாம். மலையகத்தில் அப்படிப்பட்ட மண்டபங்கள் எத்தனையோ உள்ளன.

தோட்ட நிருவாகங்களின் கையில் இருந்த பாடசாலைகளை அரசு 1970களில் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. அவற்றில் பல ஓராசிரியர் பாடசாலைகள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் அபிவிருத்தி உதவி நிறுவனமான சீடாவின் உதவியால் எங்களுக்குக் கட்டடங்களும் தளபாடங்களும் பயிற்சியும் கிடைத்தன. அந்த உதவி வந்திராவிட்டால் இன்றைய பாடசாலைகள் பல லயக் காம்பராவிலேயே முடிந்திருக்கும். ஆனால் அக்காலத்தில் எங்கே பிள்ளைகள் இருந்தார்களோ அங்கே கட்டினார்கள். மக்கள் இடம்பெயர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழவில்லை, ஏனென்றால் லயத்தில் பிறந்தவன் அதே லயத்திலேயே இருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது அது மாறிவிட்டது. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் (160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர்) காணியும் 550 சதுர அடி வீடும் என்ற கணக்கில் இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன். லயத்திலிருந்து ஒரு குடும்பம் தனிவீட்டுக்குப் போவது எங்கள் மக்களுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை லயத்தில் வளர்ந்தவனாகிய எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 7 பேர்ச்சஸ் வீதம் அளந்து பிரிக்கும் நில அளவையாளர், அதே அளவையின்போது பாடசாலைக்கென ஒரு துண்டைக் குறித்துவிட்டால் வேலை இலகுவாக முடியும். பிறகு கேட்டால் அது ஆண்டுக்கணக்கில் இழுபடும். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது என்றாலும் 1992க்குப் பின் அது பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகையில் உள்ளது. ஒரு வகுப்பறைக்கு அத்திவாரம் வெட்ட வேண்டுமானாலும் கம்பனியின் இணக்கம் வேண்டும், காணி விடுவிப்பு வேண்டும், மண்சரிவு அபாயம் இல்லையென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். நான் அதிபராக இருந்தபோது ஒரு மாடிக் கட்டடத்துக்காக இந்த மூன்றையும் வாங்கி முடிப்பதற்குள், அதற்காக மனுக் கொடுத்த ஆண்டில் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எழுதி முடித்துவிட்டார்கள்.

ஆசிரியர் விடயமும் இப்படித்தான். ஆண்டுதோறும் எடுக்கப்படும் பாடசாலைத் தொகைமதிப்பு ஏற்கெனவே இடாப்பில் உள்ள பிள்ளையைத்தான் எண்ணும். அடுத்த ஆண்டு வரவிருக்கும் பிள்ளையை எண்ணாது. ஆகவே பிள்ளைகள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகுதான் மேலதிக ஆசிரியருக்கான கோரிக்கைக்கே அடிப்படை கிடைக்கிறது.

பதில்: ஆசிரியை, மேற்பிரிவுப் பாடசாலை ஒன்று

நான் மறுபக்கத்தில் நிற்பவள். குடும்பங்கள் கீழே புதுவீடுகளுக்கு இறங்கிய பின் எங்கள் பாடசாலையில் 17 பிள்ளைகளே மிஞ்சினார்கள். நல்ல கூரையுள்ள இரண்டு வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. மூடிவிடலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. அந்த 17 பேரும் கீழே நடந்து வர வேண்டுமானால், அடை மழைக்காலத்தில் அட்டையும் வழுக்கலும் குளவிக்கூடுகளும் உள்ள கொழுந்து மலைப் பாதையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடக்க வேண்டும். 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை அந்தப் பாதையில் தனியே அனுப்பும்படி அதே சட்டத்தைக் காட்டி ஒரு தாயிடம் எப்படிச் சொல்வேன்? கீழே இடத்தைக் கூட்டுங்கள். அதற்காக மேலே உள்ளதை அவசரமாக எடுத்துவிடாதீர்கள்.

பதில்: கொஸ்லந்தைப் பகுதி வாசகர்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிந்தபோது அயலிலுள்ள பாடசாலைகளே எங்கள் மக்களுக்கு முகாம்களாயின. மக்கள் தங்கியிருக்கும் மண்டபத்தில் பாடம் நடத்த முடியாது; அதை நேரில் கண்டவன் நான். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. மண்சரிவால் குடியேற்றப்படுபவர்களுக்கு இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை இருப்பதில்லை. எங்கே உறுதியான நிலம் கிடைக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அங்கே எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதையும் நிலத்தைப் பரிசோதிக்கும் அதே கட்டத்தில் எழுத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில்: ஹட்டன், ஒரு தந்தை

அருகில் இடமில்லை என்பதால் நகரத்துப் பாடசாலைக்கு விண்ணப்பித்தேன். வதிவிடத்தை நிரூபிக்க ஐந்து ஆண்டுகளுக்கான தேருநர் இடாப்பும் காணி உறுதியும் கேட்டார்கள். இடாப்பில் இருப்பது பழைய லய முகவரி. புது வீட்டுக்கு உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. பழைய இடத்தில் நான் இல்லை, புதிய இடத்தில் எனக்கு ஆவணம் இல்லை. நேர்முகப் பரீட்சையில் புள்ளிகள் போதாமல் போயின. என் மகன் இப்போது வாங்கில் ஐந்தாவதாக உட்காரும் பிள்ளைகளில் ஒருவன்.

தொடங்கியவர்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் ஐயாவின் அனுபவத்தைப் படித்தபோது என் கண் கலங்கியது. ஆசிரியை அம்மா சொன்னதை எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன். மேற்பிரிவில் உள்ள வகுப்பறைகளைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. காலையில் கீழிருந்து மேலே ஒரு வாகனம் ஒழுங்கு செய்ய முடிந்தால், மேற்பிரிவிலிருந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலராவது அங்கேயே தொடர்ந்து படிக்கலாம்.

நாங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பதிவேடு இருக்கிறது. தோட்டத்துச் சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் ஓர் இடாப்பு இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் குடும்ப விபரம் இருக்கிறது. பெயர்களை வெளியே கொடுக்க வேண்டாம், பிறந்த ஆண்டு வாரியாக எண்ணிக்கையை மட்டும் தாருங்கள் என்று மூவரிடமும் கேட்டோம். இரண்டு மாலைகளில் வேலை முடிந்தது. வரும் ஆண்டு தரம் 1க்கு 47 பேர், அதற்கடுத்த ஆண்டு 44 பேர், அதன் பின் 49 பேர். அந்த ஒற்றைத் தாளில் அதிபரும் சங்கச் செயலாளரும் கையொப்பமிட்டு, வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த 40 வீடுகளுக்கான பயனாளிகள் பட்டியல் இந்த மாதம் தயாராகிறது என்று அறிந்து, அதன் பிரதி ஒன்றை அங்குள்ள அதிபருக்கும் கொடுக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.