டப்ளின் தூண்ல நம்ம பக்கத்துச் சண்டை: வெலிங்டன் பத்தின உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

டப்ளினுக்கு வேலைக்கு வந்த புதுசுல ஞாயித்துக்கிழமை ஆனா ஃபீனிக்ஸ் பார்க் போயிடுவேன். அங்க 62 மீட்டர் உசரத்துல ஒரு கல் தூண் இருக்கு, சின்னப் பசங்க அதோட சரிவுல ஏறி விளையாடுவாங்க, நானும் பல வாரம் என்ன ஏதுன்னு பாக்காமயே அங்க உக்காந்து எந்திரிச்சு வந்திருக்கேன். ஒருநாள் சுத்தி வந்தேன். பிடிச்ச பீரங்கிகள உருக்கி வார்த்த வெண்கலப் பலகைங்க. ஒண்ணுல வாட்டர்லூ, இன்னொண்ணுல இந்தியப் போர்கள்! அப்பதான் உறைச்சுது, ஸ்கூல்ல திப்பு சுல்தானோட நடந்த நாலாம் மைசூர்ப் போர்ல படிச்ச அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாடி வெலிங்டன் பிரபு ஆனவர், அவருக்கான தூண்தான் இது. 1769ல அயர்லாந்துல பொறந்த, அங்கயே குடியேறின ஆங்கில வம்சாவளிக் குடும்பத்துப் பையன், பின்னாடி ரெண்டு தடவ பிரிட்டிஷ் பிரதமர்.

கல்வெட்டுல "ஆசியாவும் ஐரோப்பாவும் உன்னால காப்பாத்தப்பட்டுச்சு"ன்னு வருது. அத படிச்சிட்டு என்னால நகர முடியல. ஆசியாவ யார்கிட்டருந்து காப்பாத்தினாராம்? மனசு ரொம்ப கனத்துப் போச்சு.

---

நான் மைசூர் போறப்பல்லாம் திப்புவோட தலைநகரா இருந்த ஸ்ரீரங்கப்பட்டணத்துல இறங்கிடுவேன். வெல்லெஸ்லி அங்க ஜெயிச்சது மட்டும்தான் பலருக்குத் தெரியும். 1799 ஏப்ரல் 5 ராத்திரி சுல்தான்பேட்டை தோப்புக்குள்ள படைய கூட்டிட்டுப் போய் இருட்டுல வழி தெரியாம செதறி, ஆளுங்க சிலர் திப்பு படைகிட்ட மாட்டி, இவருக்கும் முட்டியில குண்டு பட்டு திரும்பி வந்தாரு. பகல்ல போய்ப் பாக்காத எடத்த ராத்திரி தாக்கவே கூடாதுன்னு அதுக்கப்புறம் முடிவே பண்ணிட்டாரு. மே 4 கோட்டை விழுந்த அன்னிக்கு இவர் ரிசர்வ் படையோட பின்னாடிதான் இருந்தாரு, ஆனா ஊர் நிர்வாகம் இவர் கைக்கு வந்துச்சு.

தங்கினது திப்புவோட தரியா தௌலத் மாளிகையில. அந்தச் சுவத்துல 1780 பொள்ளிலூர் சண்டை ஓவியம் இருக்கு, ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படைய நொறுக்கினது, நம்ம காஞ்சிபுரம் பக்கத்துல நடந்தது. அழிஞ்சு கிடந்த அத திரும்ப வரைய வெச்சதே இவர்தான்னு சொல்வாங்க. தன் பக்கம் தோத்த படத்த! எங்க அம்மா ஊர் காஞ்சிபுரம்ங்கறதால அந்தச் சுவரு முன்னாடி நின்னா எனக்கு நேரம் போறதே தெரியாது.

---

டப்ளின் நண்பரே, மூணாவது பலகைய பாத்தீங்களா? அது மத சுதந்திரம் பத்தினது. 1828ல கத்தோலிக்கரான டேனியல் ஓகானல் கிளேர் தொகுதியில ஜெயிச்சாரு, ஆனா அப்ப இருந்த சட்டப்படி கத்தோலிக்கர் பார்லிமெண்ட்ல உக்கார முடியாது. விட்டா அயர்லாந்துல உள்நாட்டுப் போரே வரும்னு பயந்துதான் பிரதமரா இருந்த வெலிங்டன் ராஜாவ சம்மதிக்க வெச்சு 1829ல சட்டத்த மாத்தினாரு. அதுக்காக சொந்தப் பக்கத்துலயே திட்டு வாங்கி, வின்செல்சி பிரபுவோட துப்பாக்கி டூயல் (நேருக்கு நேர் நின்னு சுட்டுக்கற ஒத்தைக்கு ஒத்த சண்டை) வரைக்கும் போனாரு, பிரதமரா இருக்கறப்பவே! ரெண்டு பேருக்கும் அடி படல. பயத்துல செஞ்சிருந்தாலும் நல்லது நல்லதுதான்னு நான் நினைக்கிறேன், ஸ்ரீரங்கப்பட்டணத்த அது ஈடுகட்டாது.

---

இந்த வாரம் போய் மூணையும் பாத்தேன் நண்பா, ரொம்ப நன்றி. கூட வந்த ஐரிஷ் பெரியவர் சின்ன வயசுல அந்தச் சரிவுல சறுக்கி விளையாடினவராம். இந்தியப் போர்கள் பலகைய காட்டி இது எங்க நடந்துச்சுன்னு கேட்டாரு. ஃபோன்ல மேப்ப திறந்து காவேரி நடுவுல இருக்கற ஸ்ரீரங்கப்பட்டணம் தீவ காட்டினேன், பெருசாக்கிப் பெருசாக்கி பாத்துட்டே இருந்தாரு.