க்ரீமை நிறுத்தியதும் திரும்பி வரும் எக்ஸிமா: எங்கே தவறுகிறோம்?

இளவேனில்:
வணக்கம். 7 வயதுப் பெண் குழந்தை. இரண்டு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் எக்ஸிமா. தோல் மருத்துவர் பார்த்து உறுதி செய்துவிட்டார். மொமெட்டசோன் 0.1% (ஸ்டீராய்டு க்ரீம்) தினம் ஒருவேளை, கூடவே மாய்ஸ்சரைசர் எழுதித் தந்திருக்கிறார். மூன்று நாளில் அரிப்பு அடங்குகிறது, நிறுத்திவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி ஆரம்பிக்கிறது. ஸ்டீராய்டு ஆயிற்றே என்று மிகக் கொஞ்சமாகத்தான் தடவுகிறோம். எவ்வளவு தடவ வேண்டும், எப்போது நிறுத்தலாம்? தினமும் குளிக்க வைக்கலாமா? ராத்திரி தூக்கத்தில் சொறிவதைத் தடுக்க வழி உண்டா? பால், முட்டையை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள், அது சரியா?

நிலவன்:
உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: மூன்று நாள், மிகக் கொஞ்சம். இந்த இரண்டும் சேர்ந்தால் எக்ஸிமா திரும்பத்தான் செய்யும்.

அரிப்பு முதலில் அடங்கும். தோலுக்குள் இருக்கும் அழற்சி அடங்கக் கூடுதல் நாளாகும். அதனால் அரிப்பு நின்றதை வைத்து மருந்தை நிறுத்தாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த மடிப்பை மெல்லத் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ தடிப்போ தட்டுப்படாமல், பக்கத்துத் தோல் போலவே வழவழப்பாக இருந்தால்தான் அடங்கிவிட்டது என்று பொருள். இதற்குப் பெரும்பாலும் 7 முதல் 14 நாள் ஆகும். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சாம்பல் அல்லது கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். அழற்சி போன பிறகும் அந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

அளவுக்கு 'விரல்நுனி அளவு' என்று ஒரு கணக்கு உண்டு. பெரியவரின் ஆட்காட்டி விரலில், கடைசி ரேகையிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களைச் சேர்த்து வைத்த பெரியவர் உள்ளங்கை இரண்டு மூடும் பரப்புக்கு அது போதும். உங்கள் பெண்ணின் நான்கு மடிப்புகளையும் உங்கள் உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். மொத்தம் இரண்டு உள்ளங்கை வந்தால் ஒரு தடவைக்கு ஒரு விரல்நுனி. அந்தக் கணக்கில் 15 கிராம் ட்யூப் 30 தடவைக்கு வரும். இரண்டு மூன்று மாதமாகியும் அதே ட்யூப் தீராமல் இருந்தால், போதிய அளவு போகவில்லை. தடவியதும் தோலில் லேசாக ஒரு மினுமினுப்புத் தெரிய வேண்டும்.

ஸ்டீராய்டு பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். தோல் மெலிவது உண்மையாகவே நடக்கும். ஆனால் அது வீரியமான மருந்தை இடைவெளியே விடாமல் மாதக்கணக்கில் தடவும்போதும், முகம், இடுப்பு மடிப்பு போன்ற மெல்லிய இடங்களில் தடவும்போதும்தான் பெரும்பாலும் வரும். மொமெட்டசோன் வீரியமான வகை. முகத்துக்கு அதை நீங்களாக எடுத்துப் போகாதீர்கள், அங்கே வேறு மருந்து தருவார்கள். பயந்து பயந்து மூன்று நாள் தடவி, பத்து நாள் விட்டு, மறுபடி மூன்று நாள் என்று ஓட்டினால் வருடம் முழுக்க ஸ்டீராய்டும் போகும், எக்ஸிமாவும் இருக்கும்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால், தோல் வழவழப்பான பிறகும் அதே இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தடவிவருவது நன்கு நிலைபெற்ற முறை. உங்கள் பெண்ணுக்கு அது பொருந்துமா, எத்தனை மாதத்துக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை அடுத்த தடவை மறக்காமல் கேட்டுவிடுங்கள்.

கயல்விழி:
நிலவன் மருந்தைச் சொல்லிவிட்டார், நான் மாய்ஸ்சரைசரையும் குளியலையும் சொல்கிறேன்.

வறட்சியை அரிப்பின் விளைவு என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது தலைகீழ். மேல்தோலைக் கட்டிக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் எக்ஸிமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என 2006-இல் தெரியவந்தது. இந்தப் புரதம் உடைந்துதான் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்கள் உண்டாகின்றன. செராமைடு என்ற கொழுப்பும் இந்தத் தோலில் குறைவு. செங்கல் இருந்தும் சாந்து பூசாத சுவர் மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் தூசும் சோப்பும் கிருமியும் உள்ளே போகும்.

ஆகவே மாய்ஸ்சரைசர் மடிப்புக்கு மட்டும் போதாது, உடம்பு முழுக்க வேண்டும். உடம்பெல்லாம் வறண்ட குழந்தைக்கு வாரம் 250 கிராமாவது ஆகும். நாளுக்கு 35 கிராம், காலை மாலை என்று பிரித்தால் வேளைக்கு மூன்றரைத் தேக்கரண்டி. பலரும் இவ்வளவு தடவுவதில்லை. லோஷனில் தண்ணீர் அதிகம், சீக்கிரம் காய்ந்துவிடும். க்ரீம் மேல், ராத்திரிக்கு ஆயின்ட்மென்ட் இன்னும் மேல். வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். யூரியா கலந்தது வெடித்த தோலில் சுரீர் என்று எரியும், பிறகு குழந்தை எதையும் தடவ விடாது. டப்பாவாக இருந்தால் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், விரலை விட்டால் கிருமி சேரும். புள்ளி புள்ளியாக வைத்து, முடி வளரும் திசையில் நீவுங்கள். தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துச் சின்னச் சின்னக் கட்டி வரும்.

குளியல் தினமும் வேண்டும். 5 முதல் 10 நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீர். மணிக்கட்டின் உட்பக்கம் ஊற்றினால் சூடு உறைக்கக் கூடாது. சாதாரண சோப்பை விட்டுவிடுங்கள். தோலின் அமிலத்தன்மை 5 பிஎச்-ஐ ஒட்டி இருக்கும், சோப்பு 9, 10. தோல் காரமானால் செராமைடு உண்டாவது தடைப்படும், மேல்தோல் செல்களின் பிணைப்பை அறுக்கும் நொதிகள் வேகமெடுக்கும். சோப்பில்லாத க்ளென்சரை இடுப்பு மடிப்பு, பாதம், அக்குள் இடங்களில் மட்டும் போட்டால் போதும். துவாலையால் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் இடையே 20 நிமிடமாவது விடுங்கள், எது முன்னே என்பது முக்கியமில்லை. ஒன்றன்மேல் ஒன்றை உடனே தடவினால் மருந்து நீர்த்துப்போய் வேண்டாத இடத்துக்கும் பரவும்.

ஆலிவ் எண்ணெய் தடவச் சொல்பவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். அதில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் ஏற்கெனவே பலவீனமான இந்தத் தோலை இன்னும் தளர்த்தும்.

அகிலன்:
ராத்திரி அரிப்பைப் பற்றி. அலர்ஜி மாத்திரை தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை. எக்ஸிமா அரிப்பில் அதற்குப் பங்கு குறைவு, அதனால் அந்த மாத்திரை பெரிதாகக் கேட்காது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள் தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

படுக்கப் போகும் முன் மாய்ஸ்சரைசர் தாராளமாக. நகத்தை வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்குங்கள். புதிதாக வெட்டிய நகம்தான் அதிகம் கீறும். இரவில் உடம்பு சூடேறும்போது அரிப்பு ஏறும், ஆகவே மெல்லிய பருத்தி உடை, கம்பளி வேண்டாம். அரிப்பு வந்துவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி 5 முதல் 10 நிமிடம், எடுத்ததும் மறுபடி மாய்ஸ்சரைசர். மாய்ஸ்சரைசரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தடவினால் அந்தக் குளிர்ச்சியே பாதி அரிப்பை அடக்கும்.

"சொறியாதே" என்று சொல்லிப் பயனில்லை. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அரிப்பு எடுத்ததும் முஷ்டியை இறுக்கி 30 எண்ணச் சொல்லுங்கள். அதன் பிறகும் அரித்தால் நகத்தைப் பதியாமல் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைக்கட்டும். 7 வயதுக் குழந்தை இதைப் பழகிக்கொள்ளும்.

பால், முட்டை: சோதனை இல்லாமல் நிறுத்தாதீர்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அது தனி விஷயம், மருத்துவர் பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாத குழந்தைக்கு நிறுத்தினால் வளர்ச்சி பாதிக்கப்படலாம். போதாததற்கு, நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது புதிதாக அலர்ஜி கிளம்பவும் வாய்ப்பு உண்டு.

இளவேனில்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். ஒரு மடிப்பில் தோல் வெளுத்துத் தெரிகிறது. ஸ்டீராய்டு நிறத்தைத் தின்றுவிட்டதா?

நிலவன்:
பெரும்பாலும் இல்லை. அழற்சி வந்துபோன இடம் சிலசமயம் கருக்கும், சிலசமயம் வெளுக்கும், சில மாதங்களில் நிறம் தானாகத் திரும்பும். எக்ஸிமா அடங்கினால்தான் அதுவும் சரியாகும். தோல் மெலிந்திருந்தால் அடையாளம் வேறு: சிகரெட் காகிதம் போலச் சுருங்கும், மெல்லிய ரத்தக்குழாய்கள் கோடு கோடாகத் தெரியும். அப்படி இருந்தால் உடனே காட்டுங்கள். மடிப்பில் ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டிவந்தால் டாக்ரோலிமஸ் 0.03% என்ற ஸ்டீராய்டு இல்லாத ஆயின்ட்மென்ட் இருக்கிறது, 2 வயதுக்கு மேல் தருவார்கள், தோல் மெலியாது. முதல் சில நாள் எரியும், பிறகு குறையும். தெரியாமல் எரிச்சலுக்குப் பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், பாவம்.

கயல்விழி:
வேறு சிலவற்றையும் கவனத்தில் வையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரி அரிப்பு, விரல் இடுக்கில் பொரி என்றால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துச் செதிலாக விரிந்தால் படர்தாமரை. அதன்மேல் ஸ்டீராய்டு போட்டால் உருமாறிப் பரவும். தேன் நிறப் பொருக்கு, நீர் வடிதல் என்றால் பாக்டீரியா தொற்று, ஓரிரு நாளில் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இது மட்டும் அன்றைக்கே, ராத்திரியானாலும்: ஒரே அளவில், துளைக்கருவியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன வட்டப் புண்கள் திடீரெனக் கூட்டமாக வந்து, அரிப்பைவிட வலி அதிகமாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் எக்ஸிமாவில் பரவுவது. கண்ணுக்கு அருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. வாயோரத்தில் கொப்புளம் உள்ளவர்கள் குழந்தையை முத்தமிடுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

அகிலன்:
விட்டுப்போன ஒன்று. க்ரீமும் ஆயின்ட்மென்டும் ஊறிய உடை, படுக்கை விரிப்பு எல்லாம் துவைத்த பிறகும் சட்டெனத் தீப்பிடிக்கும். குழந்தையை அடுப்பு, மெழுகுவத்தி, பட்டாசுப் பக்கம் அந்த உடையோடு விடாதீர்கள்.