காதுக்குள் ஒரு வழிகாட்டி: உங்கள் அனுபவம் என்ன?

பதிவு 1

இடத்துக்கு இடம் தானாகவே பேசும் ஒலிவழிகாட்டியோடு நடந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கும் இப்படி ஆனதா? பழைய நகரப் பகுதி, குறுகிய சந்து, இரு புறமும் உயரமான சுவர்கள். கைபேசி வரைபடத்தில் நான் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது, மறுபடி வருகிறது. வரும்போதெல்லாம் மணிக்கூண்டின் கதை முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. அந்த மணியோசை எவ்வளவு கம்பீரமானது என்று குரல் வர்ணித்துக்கொண்டிருக்கும்போதே, தலைக்கு மேல் நிஜ மணி அடித்து ஓய்ந்துவிட்டது. இயர்போனைப் பிடுங்கியபோது கடைசி அதிர்வு மட்டும்தான் மிச்சம். இன்னும் மனம் ஆறவில்லை.

பதிவு 2

ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வந்தால் தூரக் கணக்கு தவறத்தான் செய்யும். அமெரிக்காவில் இப்போது சுற்றுலாத் தலமாக இருக்கும் அல்காட்ராஸ் பழைய சிறைத் தீவில் அந்தச் சிக்கலே இல்லை. எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குரலே சொல்கிறது. பேசுகிறவர்களும் அங்கே இருந்த கைதிகளும் காவலர்களும்தான். இரும்புக் கதவு அறையும் ஓசை காதில் விழுந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினேன். எதிரே ஒரு கதவும் அசையவில்லை.

பதிவு 3

“மேலே பாருங்கள்” என்றது குரல். பார்த்தேன். ஒரு சைக்கிள் சட்டைக் கையை உரசிக்கொண்டு போனது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். 1979இல் வந்த முதல் வாக்மேனிலேயே, அதாவது நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் கையடக்கக் கேசட் கருவியிலேயே, ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் பாட்டு தணிந்து, பக்கத்தில் பேசுவது கேட்கும். அன்றைக்கே அந்த அக்கறை இருந்திருக்கிறது! ஒலிக்கோப்புகளையும் வரைபடத்தையும் அறையிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் கட்டாயமில்லை. இணையம் இல்லாதபோது இடத்தைப் பிடிக்கச் சற்று நேரமாகலாம், பொறுமையாக நில்லுங்கள். திரையை அணைத்தே வையுங்கள், மின்கலம் தாங்கும். சாலையைக் கடக்கும்போது கட்டாயம் நிறுத்திவிடுங்கள்.

பதிவு 4

இரண்டாம் பதிவுக்காரருக்கு: சிறைக்குள் வழி மாறாது, தெருவில் மாறும். நான் போன நாளில் பாலத்தைப் பழுதுபார்க்க அடைத்திருந்தார்கள். குரலோ பாலத்தின் நடுவே நின்று ஆற்றைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அக்கரைப் படிக்கட்டில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. தகரத் தடுப்பைப் பார்த்தபடி மீதிக் கதையை நின்றே கேட்டேன். மாற்றுவழியை ஒரு வரியில் சொல்லும் ஒலிவழிகாட்டி யாருக்காவது கிடைத்திருக்கிறதா?