பழைய ஹார்வர்டு பயிற்சி விமானத்தின் பணி வரலாற்றைத் தேடுவது: அனுபவப் பகிர்வு

வால் பக்கம் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்பித் தேடலைத் தொடங்க வேண்டாம். புதுப்பித்தவர் தனக்குப் பிடித்த படைப்பிரிவின் எண்ணைப் பூசியிருக்கலாம். முதலில் காக்பிட்டில் உள்ள தகட்டைப் பாருங்கள். தயாரிப்பு எண் 14- என்று தொடங்கினால் மாண்ட்ரியலில் நூர்டுயின் நிறுவனம் கட்டியது. 88- என்றால் நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் டல்லாஸ் ஆலை. சிசிஎஃப்4- என்றால் ஃபோர்ட் வில்லியமில் கட்டிய ஹார்வர்டு 4. தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டும் பேசும். சுற்றிலும் கெட்டி ரிவெட், தகட்டில் மட்டும் நடுவில் துளை உள்ள பாப் ரிவெட் என்றால், அந்தத் தகடு ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது.

*

இதோடு ஒன்று சேர்க்கிறேன். 168- என்று வந்தால் அது டி-6ஜி, அதாவது இதே விமானத்தின் அமெரிக்க விமானப்படை வகை. 1949 முதல் பழைய விமானங்களைப் பிரித்து மறுபடி கட்டி, புது சீரியலும் (ராணுவம் தரும் எண்) புது தயாரிப்பு எண்ணும் கொடுத்தார்கள். போர்க்கால வரலாறு அந்த இடத்தில் அறுந்துவிடும். முந்தைய எண் காகிதத்தில் கிடைத்தால் ஒழிய ஊகித்து இணைக்காதீர்கள், பிறகு அதையே நாலு பேர் எடுத்து எழுதுவார்கள். ஆர்-1340 இன்ஜினின் எண் அடையாளத்துக்கு உதவாது. ஓவர்ஹாலுக்குப் போனால் வேறு இன்ஜின் ஏறிவிடும். வெளி இறக்கைகளும் போல்ட்டைக் கழற்றினால் மாறக்கூடியவையே. நடு உடலின் எஃகுக் குழாய்ச் சட்டம்தான் உண்மையான விமானம். பக்கத் தகடுகளைக் கழற்றி உட்புறத்தையும் பாருங்கள், கடைசி மூன்று இலக்கம் அங்கே எழுதப்பட்டிருக்கலாம்.

*

பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தது என்றால் ஃபார்ம் 78 அட்டை வேண்டும். ஹெண்டனில் உள்ள ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்தப் பிரிவு, எந்தத் தேதி, என்ன சேதம் எல்லாம் சுருக்கெழுத்தில் இருக்கும். சேதத்தின் அளவை 'கேட்' (வகை) என்று குறிப்பார்கள். கேட் ஏசி: பிரிவின் சக்திக்கு மீறிய பழுது. கேட் பி: அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாதது. கேட் ஈ: கழித்துக்கட்டியது. விபத்து வரி தென்பட்டால் அதே எண்ணுக்கு ஃபார்ம் 1180 கேளுங்கள், காரணம் அதில்தான் இருக்கும். அட்டையிலுள்ள தேதி எழுத்தர் பதிவு செய்த நாள். அதனால் சம்பவத் தேதியோடு சில நாள் இடிக்கும். பயிற்சிப் பள்ளியின் ஃபார்ம் 540ஐ (பிரிவின் நடவடிக்கைப் பதிவேடு) லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 29 வரிசையில் எடுத்து ஒப்பிடுங்கள். கப்பலேறி வெளிநாடு போன விமானத்துக்கு அட்டை பெரும்பாலும் ஒன்றிரண்டு வரியோடு நின்றுவிடும். அங்கிருந்து அந்தந்த நாட்டு ஆவணம்தான் கதி.

*

விமானிகளின் லாக்புக்கை (பறந்த விவரம் எழுதும் பதிவேடு) வைத்துத் தேடுபவர்கள் கவனிக்க: பலரும் முன்னெழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினார்கள். "300" என்று இருந்தால் எஃப்ஈ300, எஃப்டி300, கேஎஃப்300 மூன்றுமே ஹார்வர்டு 2பி. பள்ளியின் பெயரையும் தேதியையும் மூன்று அட்டைகளிலும் பொருத்திப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். நூர்டுயின் விமானங்களில் கடன்-குத்தகைத் திட்டத்தில் (போர்க்காலத்தில் நேச நாடுகளுக்கு அமெரிக்கா தளவாடம் கொடுத்த திட்டம்) வந்தவற்றுக்கு அமெரிக்க சீரியலும் தனியாக உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கம் ஆர்டர் போட்ட நிதியாண்டு, கட்டிமுடித்த ஆண்டு அல்ல.

*

அமெரிக்காவில் பதிவான விமானம் என்றால் இன்றைய உரிமையாளரில் தொடங்கிப் பழைய காலத்தை நோக்கிப் போவதே மேல். எஃப்ஏஏவிடம் (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) முழுப் பதிவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். விற்பனைச் சீட்டுகளை உரிமையாளர் வரிசைப்படி அடுக்கினால், முதல் சீட்டு ராணுவ உபரி விற்பனையில் போய் முட்ட வேண்டும். அதில் ராணுவ சீரியல் இருக்கும். அதை வைத்து அலபாமாவில் மாக்ஸ்வெல் தளத்திலுள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் மைக்ரோஃபிலிம் அட்டையைக் கேட்கலாம். எஸ்என்ஜே (இதே விமானத்தின் அமெரிக்கக் கடற்படை வகை) என்றால் சீரியலுக்குப் பதில் பியூரோ எண், அதாவது கடற்படை தரும் எண். எஃப்ஏஏ கோப்பிலுள்ள ஃபார்ம் 337களை (பெரிய பழுது, மாற்றங்களைப் பதியும் படிவம்) ஒன்றுவிடாமல் படியுங்கள். உடல் சட்டத்தையே மாற்றிய பழுது அதில்தான் பதிவாகியிருக்கும்.