நட்சத்திரம் மட்டும் தருகிறார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார்

நண்பர்களே, வணக்கம். இணையத்தில் நடக்கும் லோகோ போட்டி ஒன்றில் கலந்துகொண்டிருக்கிறேன். ஆறு நாட்களில் நான்கு வடிவங்கள் அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளரிடமிருந்து வந்தது ஒன்றுக்கு மூன்று நட்சத்திரம், இன்னொன்றுக்கு இரண்டு. அவ்வளவுதான். மூன்று என்றால் நிறம் பிடிக்கவில்லையா, எழுத்துரு பிடிக்கவில்லையா? என் இலைச் சின்னத்தைச் சிறிதாக்கினால் நரம்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் குறையோ என்று நேற்று நள்ளிரவு வரை அவற்றையே திருத்திக்கொண்டிருந்தேன்.

பரிசு ஒருவருக்குத்தான், மற்றவர்களின் உழைப்புக்குக் கூலி கிடையாது. கருத்தாவது கிடைத்தால் அடுத்த முறைக்கு உதவும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. கேள்வி பொதுவாக இருந்ததுதான் தவறோ? "வட்டமா, சதுரமா?" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்படி கேட்கலாம் என்றிருக்கிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களை எப்படிப் பேசவைப்பீர்கள்? எந்தக் கட்டத்தில் விலகுவீர்கள்? பரிசு உறுதி என்று அறிவிக்காத போட்டி இது, அதாவது வாடிக்கையாளர் யாரையும் தேர்ந்தெடுக்காமலேயே விட்டுவிடலாம். முடிய இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன, ஐந்தாவது வடிவத்தைத் தொடங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.